எருவேராவின் இடப்பக்கம்

வெலிங்டன்
1975 ஏப்ரல் 7

திருமதி ரீபெகா அவர்களுக்கு,

நாம் ஒரே ஒரு முறைதான் சந்தித்திருக்கிறோம். போன ஜூன் மாதம், உங்கள் மாவோரி ஊர்ப் பொது மன்றமான மராயேயில், என் கணவரின் சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நீங்கள் பாயில் உட்கார்ந்திருந்தீர்கள். இந்தப் பக்கம் நான் நாற்காலியில். நமக்குள் பேச்சு எதுவும் நடக்கவில்லை. நீங்கள் அவரிடம்தான் பேசினீர்கள்.

அவருடைய அண்ணன் மாதியு எனக்கு எழுதியிருக்கிறார். ஆண்டு நிறைவதால் ஜூனில் கல்லறைக் கல்லின் மேல் போர்த்திய துணியை விலக்கும் சடங்கு நடக்கிறதாம், நான் வர வேண்டுமாம். கடைசிப் பத்தியில், மழை பெய்தது என்று எழுதுவதுபோல, இன்னொன்றும் எழுதியிருக்கிறார். எட்வர்டின் இடப்பக்கம் ஒரு ஆளுக்கு நிலம் விட்டிருக்கிறார்களாம். அதை நீங்கள் கேட்டிருக்கிறீர்களாம்.

இருபத்தெட்டு வருடம் நான் எட்வர்டின் இடப்பக்கம் படுத்தவள். எந்தப் பக்கம் என்பதைக்கூட நீங்கள் சரியாகத் தெரிந்துவைத்திருப்பது எனக்கு வியப்பளிக்கிறது.

அந்த நிலம் சட்டப்படி யாருடையது என்பது எனக்குத் தெரியாது. மனைவியின் இடம் மனைவிக்கு என்பதற்குச் சட்டம் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். நீங்கள் எந்த உரிமையில் கேட்டீர்கள் என்பதை எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
உர்சுலா


வைபுனா
ஏப்ரல் 19

உர்சுலா,

உன் கடிதம் வந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. தபால்காரன் உறையைப் பார்த்துவிட்டு, "என்ன ரீபெகா, கவர்மெண்டு உன்மேல கேஸ் போட்டிருக்கா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

நிலத்தைக் கேட்டது உண்மை. காலியாக இருந்தது, கேட்டேன். இடப்பக்கத்தை வைத்து நீ ஒன்றும் கற்பனை செய்ய வேண்டாம். வலப்பக்கம் வேலி.

எந்த உரிமை என்று கேட்டிருக்கிறாய். போன வருடம் என்ன நடந்தது என்றே உனக்குப் புரியவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிகிறது. எருவேரா, நீ எட்வர்ட் என்கிறாயே அவன், செத்துப்போனான் என்று தெரிந்ததும் நாங்கள் இரண்டு பஸ் பிடித்து உன் வீட்டு வாசலில் வந்து இறங்கினோம். அவனைக் கேட்டு வாங்கத்தான். வழியெல்லாம் மாதியு பேச்சைத் தயார் செய்துகொண்டு வந்தான். "அவ முடியாதுன்னு சொல்லட்டும், நான் எங்க முப்பாட்டன் இந்தத் தேசத்துக்கு வந்த படகிலேர்ந்து வம்சக் கதையை ஆரம்பிக்கிறேன். அதுக்கும் முடியாதுன்னா அழுதுருவேன். அதுக்கும் முடியாதுன்னா தம்பியோட கால் மாட்டுல படுத்துருவேன், என்னைத் தாண்டித்தான் தூக்கணும்." எல்லோரும் அவனுக்கு யோசனை சொன்னோம். அவன் உன் பியானோ பக்கத்தில் நின்று முதல் பேச்சைப் பேசி முடித்தான். உன் பதிலுக்குக் காத்திருந்தான்.

நீ தேநீரை ஊற்றிக்கொண்டே சொன்னாய்: "நீங்க கொண்டுபோகலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

திரும்புகிற பஸ்ஸில் மலைப்பாதை தாண்டிய பிறகு மாதியு சொன்னான்: "என் தம்பி அவளுக்கு அவ்வளவுதானா? இரவல் குடையைக்கூட யாரும் இப்படித் திருப்பித் தர மாட்டாங்களே."

எங்களிடம் செத்தவனுக்காகச் சண்டை நடக்க வேண்டும். அம்மா ஊர் ஒரு பக்கம், அப்பா ஊர் ஒரு பக்கம், பெண்டாட்டி ஊர் ஒரு பக்கம் பிடித்து இழுக்க வேண்டும். எவ்வளவு இழுக்கிறார்களோ அவ்வளவு பெரிய ஆள். யாரும் கேட்காத பிணம் என்றால் அதைவிட அவமானம் இல்லை. அதனால்தான் இரண்டாம் நாள் நான் எழுந்து நின்று, அவனை என் அம்மா ஊர் இடுகாட்டுக் குன்றுக்குக் கொடு என்று கேட்டேன். கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பொழுது சாயும்வரை இழுத்தேன். எருவேரா கேட்பாரில்லாமல் மண்ணுக்குள் போகவில்லை. இதற்கு நீ நன்றி சொல்ல வேண்டாம். உனக்காகச் செய்யவில்லை.

உரிமை வேண்டுமா? எனக்குப் பதினேழு வயதில் பெரியவர்கள் உட்கார்ந்து அவனை எனக்கென்று பேசி முடித்தார்கள். அவன் ரயில்வே வேலைக்கு வெலிங்டன் போனான். அங்கே உன்னைப் பார்த்தான். சித்தப்பா மகனிடம் சொல்லி அனுப்பினான். அவ்வளவுதான். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

ரீபெகா


வெலிங்டன்
ஏப்ரல் 30

திருமதி ரீபெகா அவர்களுக்கு,

முன்பின் பழகாத என்னை 'நீ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விட்டுவிடுகிறேன். சொல்ல வேண்டியவை அதைவிடப் பெரியவை.

என் அப்பா இறந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பெட்டி மூடியிருந்தது. அம்மா கறுப்புக் கையுறையின் பொத்தான்களைத் தானே போட்டுக்கொண்டு மாதா கோவிலுக்கு நடந்தார். பூசை முடிந்தது, அடக்கம் முடிந்தது, வீட்டில் எல்லோருக்கும் ஹாம் சாண்ட்விச் கொடுத்தோம். அப்பாவின் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. அம்மாவுக்குக் காட்டிய மரியாதை அது. நான் சமையலறைக்குள் போய் விசும்பினேன். பெரியம்மா பின்னாலேயே வந்து, "உர்சுலா, வந்தவங்க காதுல விழும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அழுது முடிக்கும்வரை குழாய் ஓடியது. கன்னிமடப் பள்ளியில் சிஸ்டர் பெனடிக்டா சொல்வார்: "துக்கம் உள்பாவாடை மாதிரி, பிள்ளைங்களா. இருக்கணும். வெளியே தெரியக் கூடாது."

அப்படி வளர்ந்தவளின் வாசலில் விடிந்ததும் இரண்டு பஸ் வந்து நின்றது. கராரிக் கல்லறைத் தோட்டத்தில், ஒரு பைன் மரத்தடியில், இருவருக்கும் சேர்த்து நிலம் வாங்கி வைத்திருந்தோம். நானும் எட்வர்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. அதை நான் உங்களுக்கு விட்டுக்கொடுத்தேன். கொடுப்பதை முகம் மாறாமல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வளர்ப்பு. என் வாழ்க்கையில் நான் கொடுத்தவற்றிலேயே பெரியது அது. உங்கள் பஸ்ஸில் அது குடையாகிவிட்டது.

பெரியவர்கள் பேசி முடித்த கதையை நீங்கள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். இருபத்தெட்டு வருடத்தில் எட்வர்ட் உங்கள் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

உங்களுக்கும் ஒரு கணவர் இருந்தார் என்று மாதியு சொல்லியிருக்கிறார். அவர் பக்கத்தில் ஏன் இடம் கேட்கவில்லை?

இன்னொன்று. மூன்று நாளும் என் கணவரின் நெற்றியில் நீங்கள் கை வைத்திருந்தீர்கள். அத்தனை பேர் முன்னால் நான் அதைத் தொடத் தயங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் உங்கள் வீட்டு மேஜைமேல் வைப்பதுபோல வைத்திருந்தீர்கள். விடாமல் பேசினீர்கள். பெண்கள் அழுதார்கள். நடுவில் சிரித்தார்கள். ஒரு முறை எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். உங்கள் மொழி எனக்குத் தெரியாது. என் கணவரிடம் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

கடைசி வாரங்களில் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். அவர் கடைசியாகப் பேசியதையெல்லாம் கேட்டவள் நான் ஒருத்திதான். இதையும் சொல்லி வைக்கிறேன்.

உர்சுலா


வைபுனா
மே 9

உர்சுலா,

என் புருஷன் ஹோரிக்கு ஒரு பக்கம் அவன் அம்மா படுத்திருக்கிறாள். இன்னொரு பக்கம் அவனுடைய முதல் பெண்டாட்டி. உயிரோடு இருந்தபோதே அந்த வீட்டில் எனக்கு உட்கார இடம் கிடைத்ததில்லை.

நான் எருவேராவிடம் என்ன பேசினேன் என்று தெரிய வேண்டுமா? எழுதுகிறேன், கேட்டுக்கொள். "ஏண்டா, கூப்பிட்டப்பல்லாம் வராதவன் இப்ப மட்டும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வந்திருக்கே? எங்க அப்பா குதிரையைக் கேக்காம ஓட்டிட்டுப் போயி ஆத்துல விட்டியே, அவர் சாகுறவரைக்கும் உன்னைத் திட்டிக்கிட்டே செத்தாரு, அங்க போயி அவர் மூஞ்சில எப்படி முழிப்பே? ஹோரி செத்தப்போ எங்கடா போனே? ஒரு தந்தி அடிச்சா கை தேஞ்சுருமா?" அப்புறம், "இந்த மீசை உனக்குக் கொஞ்சங்கூட நல்லாயில்லை, எந்தப் புண்ணியவதி வைக்கச் சொன்னா?" என்றேன். அப்போதுதான் எல்லோரும் உன்னைப் பார்த்தது.

மூடியை மூடுகிறவரை அவன் அங்கேதான் இருக்கிறான். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அவனிடம் பேசாமல் யாரிடம் பேசுவது? திட்ட வேண்டியதைத் திட்டித் தீர்த்தால்தான் அவனும் நிம்மதியாகப் போவான், நாமும் நிம்மதியாக இருப்போம். நீ மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமையல் கொட்டகையில் பெண்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "பாவம், ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போலிருக்கு."

என் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறாய். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறாய். மறந்துபோனவளின் பெயர் வாயில் சுலபமாக வரும், உர்சுலா. "எங்க ஊர்ல ரீபெகான்னு ஒருத்தி இருந்தா, அவ இப்படித்தான் ரொட்டி சுடுவா" என்று ஏதாவது பேச்சுவாக்கில் வரும். இருபத்தெட்டு வருடம் ஒரு பெயரை வாய்க்குள்ளேயே வைத்திருக்க ரொம்பப் பாடுபட வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பார்.

நீ நேராகக் கேட்டதால் நானும் ஒன்றை நேராகச் சொல்கிறேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் கால்மாட்டில் போர்வை விலகியிருந்தது. சரிசெய்யப் போனேன். சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. குதிகாலில் கிழிந்து, யாரோ தைத்திருந்தார்கள். அது தையல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஹோரியின் காலுறையை நான் சாக்குத் தைப்பதுபோலத் தைத்துப் போடுவேன். இவன் குதிகாலுக்காக ஒருத்தி வருடக்கணக்கில் விளக்கடியில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்று அவனைக் கேட்டேன். அவன் மரியாதைக்காகக் கேட்டேன் என்று போன கடிதத்தில் எழுதினேன். பாதி அதுதான். மீதிப் பாதி அந்தக் காலுறை.

நிலத்தை நான் விட மாட்டேன். வேண்டுமென்றால் ஜூனில் வா. கல்லுக்கு முன்னால் நின்று, வாய்விட்டுக் கேள். தபாலில் கேட்டால் எதுவும் கிடைக்காது.

ரீபெகா


வெலிங்டன்
மே 20

திருமதி ரீபெகா அவர்களுக்கு,

மீசை என் விருப்பம்தான். அவருடைய மேலுதட்டில் ஒரு தழும்பு இருந்தது, அது மறையட்டும் என்று வைக்கச் சொன்னேன். அந்தத் தழும்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள் என்பது இந்த வரியை எழுதும்போதுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படி வந்தது என்றுகூடத் தெரிந்திருக்கும். என்னிடம் அவர் சொன்னதில்லை. தயவுசெய்து எழுதிவிடாதீர்கள்.

"பேச்சுவார்த்தையே இல்லை" என்று அந்தப் பெண்கள் சொன்னதை நீங்கள் எனக்குத் தெரிவித்திருக்க வேண்டாம். நாங்கள் பேசிக்கொண்டே இருந்தவர்கள். உருளைக்கிழங்கு வேகாததிலிருந்து போப்பாண்டவர் வரை பேசினோம். உங்கள் கடிதம் வந்த அன்று, கூடத்தில் அவருடைய மேல்கோட்டு மாட்டியிருக்கும் இடத்தில் போய் நின்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். "எட்வர்ட்" என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் காதில் விழுமே என்று முதலில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் சொல்ல எதுவும் இல்லை. கோட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மாதியுவுக்கு முறையாக எழுதி அந்த நிலத்தைக் கேட்டேன். ஒரு வரியில் பதில் வந்தது: "வாங்க, வந்து பேசுங்க." உங்களில் யாருமே ஒரு விஷயத்தைத் தபாலில் முடிப்பதில்லையா?

வருகிறேன். எனக்காக யார் பேசுவார்கள்? பெண் எழுந்து பேசலாமா? பிரார்த்தனையைத் தவிர வேறெதற்கும் நான் குரலை உயர்த்தியவள் அல்ல. ஆனால் என் கணவரின் பக்கத்தில் உங்களைப் படுக்க விடுவதாக இல்லை.

உர்சுலா


வைபுனா
மே 29

உர்சுலா,

மற்ற ஊர்களில் எப்படியோ, எங்கள் பக்கம் பெண்களும் எழுந்து பேசுவோம். எருவேரா இந்த ஊர்க்காரனாக இருந்தது உன் அதிர்ஷ்டம். உனக்காக இன்னொருத்தர் பேசினால் உன் இடம் அவருக்குத்தான் போகும். நீயே பேசு. உன் பாஷையிலேயே பேசு, அவனுக்குத்தான் அது நன்றாகத் தெரியுமே.

என்னைப் பார்த்துப் பேசாதே. மாதியுவைப் பார்த்துப் பேசாதே. அவனைப் பார்த்துப் பேசு. நன்றி சொல்லாதே, மன்னிப்புக் கேட்காதே. கையுறை வேண்டாம். முணுமுணுத்தால் நிலம் எனக்கு. எல்லாம் முடிந்ததும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ. போன தடவை அடக்கம் முடிந்த கையோடு சாப்பிடாமல் காரில் ஏறிப் போய்விட்டாய். சாவுத் தீட்டு சோற்றில்தான் கழியும். நீ அதை வெலிங்டன்வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாய்; கோட்டுக்கு முன்னால் நின்றால் வார்த்தை எப்படி வரும்?

இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பதால் நான் விட்டுக்கொடுப்பேன் என்று நினைக்காதே. மொண்ணைக் கத்தியோடு வருகிறவளை ஜெயித்தால் எனக்கு என்ன பெருமை?

ரீபெகா


வெலிங்டன்
ஜூன் 21

ரீபெகா அவர்களுக்கு,

சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். குழி அடுப்பில் வைத்த பன்றிக்கறி நன்றாக வெந்திருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் மண் இருந்தது.

தொண்டை இன்னும் சரியாகவில்லை. மருத்துவர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பாட்டு கத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு வேறு. அது கைப்பைக்குள் இருந்தது, நல்ல பேச்சு. துணியை விலக்கியதும் நீங்கள் முந்திக்கொண்டு எழுந்தீர்கள். கல்லில் அறைந்து, "எருவேரா! அவளை அவ ஊருக்கே போகச் சொல்லு! பைன் மரத்தடியில போயி தனியாக் குளிரட்டும்! உன்னை ஊரைவிட்டுக் கூட்டிட்டுப் போனவளுக்கு உன் மண்ணுல என்ன பங்கு?" என்று கத்தினீர்கள். எனக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் கத்தினீர்கள். அதன்பிறகு கைப்பை எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

நான் சொன்னதில் பாதி நினைவில் இல்லை. அவரைக் கோழை என்று சொன்னேனாம். உங்களைத் திருடி என்று சொன்னேனாம். மாதியு மகிழ்ச்சியாகத் தெரிவித்தார். ஒன்று மட்டும் ஒவ்வொரு எழுத்தாக நினைவிருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூடச் சொன்னதில்லை. உங்கள் ஊரே கேட்க நான் அதைக் கத்தினேன்.

"ஏன் எட்வர்ட்? இத்தனை வருஷம் என்கிட்ட என் பாஷையில பேசிட்டு, சாகுறப்ப மட்டும் ஏன் அவங்க பாஷைக்குப் போனே? கடைசி வாரமெல்லாம் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசலையே! நான் தலையை ஆட்டிக்கிட்டே உட்காந்திருந்தேன். ஆமா எட்வர்ட், சரி எட்வர்ட்னு புரிஞ்ச மாதிரி நடிச்சேன். என்ன கேட்டே? தண்ணி கேட்டியா? அவளைக் கேட்டியா?"

பிறகு உங்கள் முறை. எல்லோரும் உங்களைத்தான் பார்த்தார்கள். பின்வரிசையில் யாரோ, "விடாதே ரீபெகா!" என்று கத்தினார்கள். நீங்கள் வாயைத் திறந்தீர்கள். மூடிவிட்டீர்கள். உட்கார்ந்துவிட்டீர்கள். மாதியு காத்திருந்து பார்த்துவிட்டு, "சரி, எடம் உர்சுலாவுக்கு" என்றார். எல்லோரும் சோற்றுக்கு எழுந்தார்கள். நீங்கள் அந்தப் பந்தியில் இல்லை.

ஏன் உட்கார்ந்தீர்கள்? இரக்கமா? என் கணவரை எனக்கே இரக்கப்பட்டுத் தருவதற்கு நீங்கள் யார்? எழுதியும் திட்டியும் சொல்லிக்கொடுத்தும் என்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போய், அத்தனை பேர் முன்னால் வாயடைத்து நின்று, என்னை ஒரு பாவப்பட்ட கிழவி ஆக்கிவிட்டீர்கள். எதிர்க்க ஆளில்லாமல் கிடைத்த நிலத்தில் நான் எப்படிப் படுப்பேன்?

உடனே பதில் எழுதவும்.

உர்சுலா


வைபுனா
ஜூலை 3

உர்சுலா,

இரக்கமா! உனக்காக இரக்கப்படும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை. பொறாமை. வேறொன்றும் இல்லை.

உன்மேல் முப்பது வருடமாக எனக்குப் பொறாமை உண்டு. அது பழகிப்போனது, செருப்புக் கடித்த இடம் தடித்துப்போவது மாதிரி. நீ அவனோடு ஒரே வீட்டில் இருந்தாய், அவனுக்குச் சமைத்தாய், அவன் மீசையை மேய்த்தாய். சரி. அவன் உன் பாஷைக்காரனாகிவிட்டான், என்னுடைய எருவேரா என்று யாரும் அங்கே இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படியானால் நான் இழந்தது எதுவும் இல்லை, பார். வெலிங்டனில் இருந்தது உன் எட்வர்ட்தான்.

நீ கல்லுக்கு முன்னால் நின்று அதைச் சொன்னாய். கடைசி வாரங்களில் அங்கே படுத்துக் கிடந்தது எட்வர்ட் இல்லை. எருவேரா. எங்கள் பாஷையில் பேசிக்கொண்டு, பதில் சொல்ல ஒரு ஆள் இல்லாமல். நான் இங்கே கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். ஒரு தந்தி கொடுத்திருந்தால் நடந்தாவது வந்திருப்பேன். உன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல வந்தது. அது எந்த வார்த்தைக்குள்ளும் அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்துவிட்டேன். நீ கிழவிதான், ஆனால் பாவப்பட்டவள் இல்லை. அவன் கடைசிப் பேச்சு முழுவதையும் காதுக்குள் வாங்கி வைத்திருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு உனக்கு என்ன பயன்? உனக்கு அது வெறும் சத்தம்.

நான் எதையும் யாரிடமும் கெஞ்சிக் கேட்டதில்லை. உன் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்தபோதுகூட மாதியுதான் பேசினான். இப்போது கேட்கிறேன். அவன் என்ன சொன்னான்? ஒரு சொல் நினைவிருந்தாலும் எழுது. காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுது, நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் கேட்டான் என்று தெரிந்துகொள்கிறேன். உன்னைக் கேட்டிருந்தால் அதையும் தாங்கிக்கொள்கிறேன். தண்ணீர்தான் கேட்டான் என்றாலும் சரி.

நிலத்தை நீயே வைத்துக்கொள், இனி ஜென்மத்துக்கும் கேட்க மாட்டேன். நான் மாமியார் காலடியில் படுத்துக்கொள்கிறேன். ஒரே ஒரு சொல், உர்சுலா.

ரீபெகா


வெலிங்டன்
ஜூலை 14

ரீபெகா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல முறை படித்தேன். என்னை நெரிக்க வேண்டும்போல இருந்தது என்ற வரியில் எனக்கு மனம் ஆறியது. அதை நீங்கள் அங்கேயே சொல்லியிருக்கலாம்.

தந்தியைப் பற்றி. கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தொலைபேசி இருந்தது, மாதியுவின் எண் என் கைப்பையில் இருந்தது. அழைத்தால் அவர்கள் வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், அவர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பார், நான் தேநீர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. அழைக்கவில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று நீங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

நிலத்தை வைத்து நீங்கள் பேசிய பேரத்தை நான் ஏற்கவில்லை. மாதியுவுக்கு எழுதிவிட்டேன்: விவாதம் முடியவில்லை, எதிர்க்கட்சி பாதியில் உட்கார்ந்துவிட்டது, அடுத்த முறை முழுதாக நடக்க வேண்டும் என்று.

இனி நீங்கள் கேட்டது. ஒரு சொல் அல்ல, ஒரு வாக்கியம். சிறியது. காலையிலும் மாலையிலும் நான் உள்ளே நுழைந்ததும் அதைச் சொல்வார். சில நாள் கோபமாக, சில நாள் கெஞ்சலாக. உங்கள் பெயர் அதில் இல்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். என் பெயரும் இல்லை. ஆனால் உங்களை அவர் வேறு எப்படிக் கூப்பிடுவார் என்பது எனக்குத் தெரியாது. வாக்கியம் எனக்கு மனப்பாடம். பொருள் தெரியாத லத்தீன் செபங்களை ஓரெழுத்து பிசகாமல் ஒப்பிக்கும் பயிற்சியில் வளர்ந்தவள் நான். ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் தெருமுனைக் காய்கறிக் கடையில் மாவோரிப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். அவளிடம் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. தெரியாதவரைக்கும் அது எனக்குச் சொன்னதாகவே இருக்கிறது.

தாளில் எழுதி அனுப்ப மாட்டேன். எழுதினால் நீங்கள் அங்கே தனியாக உட்கார்ந்து வாசிப்பீர்கள். நான் இல்லாத இடத்தில் என் கணவர் உங்களோடு பேசுவதை என்னால் பொறுக்க முடியாது.

ஆகவே நீங்கள் வர வேண்டும். கிஸ்போர்னிலிருந்து வரும் ரயில் இங்கே சாயங்காலம் சேரும், நிலையத்தில் நிற்பேன். பின்னறையில் கட்டிலுக்குக் கூடுதலாக ஒரு கம்பளி போட்டிருக்கிறேன், இந்த ஊர்க் குளிர் வேறு மாதிரி. மறுநாள் காலை உணவுக்குப் பிறகு, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே ஒரு முறை சொல்வேன். நீங்கள் எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம். பொய் சொல்லி என்னைத் தேற்றவும் வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் போதும், அது யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஜன்னலைப் பார்த்தாற்போல உங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வைத்திருக்கிறேன். காலையில் அங்கே நல்ல வெளிச்சம் விழும்.

உர்சுலா